தன்வரலாறு என்றால் குடையின் கதை மட்டும்தானா? மாணவர்களைத் தம் வாழ்க்கையைப் பற்றி எழுத வைப்பது குறித்து

வைப்பாறு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். விருதுநகர் மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். தன்வரலாறு கூறுதல் என்ற பயிற்சியை நாம் எல்லாரும் நடத்தியிருப்போம். இந்த 22 ஆண்டுகளில் என் வகுப்புகளில் குடை தன் கதையைச் சொல்லியிருக்கிறது, ஒரு ரூபாய் நாணயம் சொல்லியிருக்கிறது, ஆலமரமும் அரசுப் பேருந்தும் சொல்லியிருக்கின்றன. எதிரில் அமர்ந்திருக்கும் பிள்ளையிடம் அதன் வரலாற்றை நான் கேட்டதே இல்லை என்பது இந்த ஆண்டுதான் உறைத்தது.

ஜூலை மாதம் ஏழாம் வகுப்பில் 'எங்கள் குடும்பம்' என்ற தலைப்பில் ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். 31 தாள்கள் வந்தன. தந்தை அலுவலகத்தில் பணிபுரிகிறார், தாய் அன்பே உருவானவர், விடுமுறை நாள்களில் கடற்கரைக்குச் சென்று மகிழ்கிறோம் என்று ஏறத்தாழ எல்லாத் தாள்களும் ஒரே போக்கில் இருந்தன. எங்கள் ஊரிலிருந்து கடலுக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு பேருந்துகள் மாற வேண்டும். அந்த வகுப்பில் கடலைப் பார்த்த பிள்ளைகள் நான்கு பேர்தான். ஆகவே அவர்கள் எனக்காகப் பொய் எழுதுகிறார்கள் என்று முதலில் வருந்தினேன். ஒரு மாணவியின் தாளில் மட்டும் 'என் தாய் அலுவலகம் செல்கிறார்' என்று இருந்தது. அந்த அம்மாவை எனக்குத் தெரியும் என்பதால், "எந்த அலுவலகம் அம்மா?" என்று கேட்டேன். "தீப்பெட்டி ஆபீஸ் டீச்சர். ஆபீஸ் என்று எழுதினால் ஆங்கிலச் சொல் என்று அடித்துவிடுவீர்கள், அதனால்தான் தமிழில் மாற்றினேன்" என்றாள்.

எங்கள் வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குத் தீப்பெட்டி ஆபீஸ் என்றுதான் பெயர். அந்தப் பெண் பொய் எழுதவில்லை. நான் கற்றுக்கொடுத்த விதியை ஒழுங்காகப் பின்பற்றினாள். அதன் விளைவாக அவளுடைய அம்மா தீக்குச்சிக்கும் அதன் நுனியில் தோய்க்கும் மருந்துக்கும் நடுவிலிருந்து எழுந்து மேசை நாற்காலிக்குப் போய்விட்டார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இத்தனை ஆண்டுகளில் இப்படி எத்தனை அம்மாக்களை நான் சிவப்பு மையால் இடம் மாற்றியிருப்பேன் என்பதே நினைவாக இருந்தது.

அதன் பிறகு தலைப்புக் கொடுப்பதை நிறுத்தினேன். 'நேற்றுக் காலை விழித்ததிலிருந்து பள்ளி வாசலுக்கு வரும்வரை உன் கை தொட்ட பொருள்கள் என்னென்ன?' என்று மட்டும் கேட்டேன். முன்னுரை, பொருளுரை, முடிவுரை வேண்டாம் என்றேன். ஐந்து வரி போதும் என்றேன். அதே மாணவி எழுதியதை அவளுடைய அனுமதியுடன் இங்கே தருகிறேன்: 'அம்மா சேலையைத் தொட்டேன். அதுல மருந்து வாசம் வரும். அப்பா அத வீட்டுக்குள்ள வைக்க விடமாட்டாரு. வெளிய கொடியிலதான் கிடக்கும். மழை வந்தா நான்தான் ஓடிப்போயி எடுப்பேன்.'

ஏழாம் வகுப்பில் நான் படித்த மிகச் சிறந்த ஐந்து வரிகள் இவை. ஆனால் இவற்றை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறேன். பேச்சுவழக்கை அப்படியே விட்டுவிடலாமா? வீட்டில் நடக்கும் கனமான ஒன்றை ஒரு பிள்ளை எழுதிவிட்டால் ஆசிரியர் என்ன செய்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

கரும்பலகை எழுதியது:

அம்மா, வணக்கம். தஞ்சை மாவட்டத்தில் 34 ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் பதிவை இருமுறை படித்தேன். அந்த ஐந்து வரிகளின் அழகை மறுக்கும் மனம் எனக்கில்லை. இருந்தாலும் ஒரு கவலையைச் சொல்லியாக வேண்டும்.

உங்கள் மாணவி வீட்டில் எழுத்துத் தமிழைப் பேசப் போவதில்லை. தெருவிலும் பேசப் போவதில்லை. அவளுக்கு அது கிடைக்கக்கூடிய ஒரே இடம் உங்கள் வகுப்பறைதான். நாளை அவள் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒரு மனு எழுத வேண்டும், ஒரு முறையீட்டைப் பதிவு செய்ய வேண்டும், பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் எட்டு மதிப்பெண் கட்டுரை எழுத வேண்டும். வசதியான வீட்டுப் பிள்ளை எப்படியும் அந்த நடையைப் பிடித்துக்கொள்ளும். முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைக்கு 'உன் பேச்சே போதும்' என்று சொல்வது அன்பாகத் தோன்றினாலும், அவளுக்குச் சேர வேண்டிய ஒன்றை நாமே கொடுக்காமல் விடுவதாகத்தான் முடியும். கட்டுரைச் சட்டகத்தையும் நான் இழிவாகக் கருத மாட்டேன். எதை எழுதுவது என்று தெரியாமல் கை நடுங்கும் பிள்ளைக்கு, முன்னுரை என்ற ஒரு சொல்லே பிடித்துக்கொண்டு ஏறுவதற்கு ஒரு படியாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பேசுபவர் சொன்னதை மேற்கோள் குறிக்குள் அவர் பேசியபடியே எழுதட்டும்; எழுதும் பிள்ளை தானாகச் சொல்லும் பகுதி எழுத்துத் தமிழில் இருக்கட்டும். இந்த ஒரு வரம்பை மட்டும் வைத்துப் பாருங்கள் என்பது என் கருத்து.

வைப்பாறு எழுதியது:

ஐயா, நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். எழுத்துத் தமிழைக் கொடுக்காமல் விடுவது என் நோக்கம் அன்று. எப்போது கொடுப்பது என்பதில்தான் எனக்குக் குழப்பம்.

ஒரு மாணவன் 'எங்க வெள்ளாடு செனையா இருக்கும்போதே செத்துப் போச்சு, நான் அன்னிக்குச் சோறு திங்கல' என்று எழுதியிருந்தான். பழக்கத்தால் என் கை 'இறந்துவிட்டது', 'உணவு உண்ணவில்லை' என்று திருத்தத் தொடங்கியது. பாதியில் நிறுத்தினேன். அந்த வாக்கியத்தைப் படித்த ஒருவர் செய்ய வேண்டிய முதல் வேலை அதுவாக இருக்க முடியாது என்று தோன்றியது. "வயிற்றில் எத்தனை குட்டி இருந்தது என்று தெரிந்ததா?" என்று கேட்டேன். இரண்டு என்றான். யார் புதைத்தார்கள், எங்கே புதைத்தார்கள் என்பதையெல்லாம் சொன்னான். அதையும் சேர்த்து எழுதச் சொன்னேன். மறுநாள் ஒன்றரைப் பக்கம் வந்தது. மூன்றாம் நாள்தான், "இதை வெளியூரில் உள்ள ஒருவர் படித்தால் எந்தச் சொல் புரியாமல் போகும்?" என்று கேட்டு, இருவரும் சேர்ந்து எழுத்துத் தமிழுக்கு மாற்றினோம். செனை என்பது சினை என்ற பழைய சொல்லின் பேச்சு வடிவம் என்று சொன்னபோது, தன் வீட்டுச் சொல்லுக்குப் புத்தகத்தில் இடம் இருக்கிறது என்று அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். 'சோறு திங்கல' என்பதை மட்டும் மாற்ற மாட்டேன் என்றான். 'சோறு தின்னவில்லை' என்று முடிவு செய்துகொண்டோம். உண்ணவில்லை என்று எழுதினால் அது அவன் இல்லை என்பது அவன் வாதம். எனக்கும் அது சரியாகவே பட்டது.

உப்புக்காற்று எழுதியது:

நான் வேதாரண்யம் பக்கம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை எடுக்கிறேன். தலைப்பைச் சிறிதாக்க வேண்டும் என்று வைப்பாறு சகோதரி சொன்னது எங்கள் ஊரில் எப்படி மெய்ப்பட்டது என்பதைச் சொல்கிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் கரையில்தான் ஏறியது. பள்ளி மீண்டும் திறந்தபோது 'நான் கண்ட புயல்' என்று எழுதச் சொன்னோம். கூரையை இழந்து வந்த பிள்ளைகள் 'புயல் என்பது இயற்கைச் சீற்றங்களுள் ஒன்றாகும், மரங்களை வளர்த்து இயற்கையைப் பாதுகாப்போம்' என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்று எங்கள் ஊரில் நிமிர்ந்து நின்ற தென்னையைத் தேட வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு அன்பு இல்லையா, வலி இல்லையா? கட்டுரை என்று சொன்னவுடன் எந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும் என்று நாங்கள் பழக்கியிருந்தோமோ, அந்தப் பெட்டியைத் திறந்தார்கள்.

சில மாதங்கள் கழித்து, புயலைப் பற்றிப் பேசாமல், 'உங்கள் வீட்டைச் சுற்றி இருந்த மரங்களை எண்ணி எழுதுங்கள்' என்றேன். ஒரு மாணவன் 14 தென்னைகளை வரிசையாக எழுதினான். முதலாவது கிணற்றடியில் இருந்தது, இளநீர் உப்புக் கரிக்கும். நான்காவதில் அணில் கூடு இருந்தது. ஏழாவது அவன் அக்கா பிறந்த ஆண்டில் தாத்தா நட்டது. ஒவ்வொன்றுக்கும் எதிரே விழுந்தது, விழுந்தது, விழுந்தது என்று எழுதிக்கொண்டே வந்து, பதினொன்றாவதற்கு மட்டும் 'நிற்கிறது, ஆனால் மட்டை இல்லை' என்று எழுதியிருந்தான். வேறு ஒரு வரியும் இல்லை. எண்ணுவது, அளப்பது, பெயர் சொல்வது ஆகிய மூன்றையும் கேட்டால் பிள்ளைகள் எழுதிவிடுகிறார்கள். 'உன் உணர்வை எழுது' என்று கேட்டால் நம் சொற்களையே நமக்குத் திருப்பித் தருகிறார்கள்.

நூலகத்திண்ணை எழுதியது:

நான் ஆசிரியர் அல்லன். கல்வி வரலாறு படிப்பதில் ஆர்வம் உள்ளவன். எண்ணுவது பற்றி உப்புக்காற்று அவர்கள் எழுதியதும் ஜப்பான் நினைவுக்கு வந்தது. வாழ்க்கையை எழுதுதல் என்று பொருள்படும் ஓர் ஆசிரியர் இயக்கம் அங்கே 1930களில், குறிப்பாக வறுமை மிகுந்த வடகிழக்குப் பகுதியில் வலுவாக இருந்தது. பிள்ளைகள் தம் வீட்டு நிலையை உள்ளபடி எழுதுவதே அரசுக்கு எதிரான செயலாகக் கருதப்பட்டு, 1940 தொடங்கி அந்த ஆசிரியர்களில் பலர் கைது செய்யப்பட்டார்கள். போருக்குப் பிறகு யமகாட்டா மாவட்டத்தின் ஒரு மலைக்கிராமத்தில் முசாகு செய்க்யோ என்ற இளம் ஆசிரியர் அந்த மரபை மீண்டும் கையில் எடுத்தார். அவருடைய 43 மாணவர்களின் எழுத்துகள் 1951-இல் நூலாக வந்து நாடு முழுவதும் படிக்கப்பட்டன. அதில் தாயை இழந்த ஒரு மாணவன், தன் வீட்டின் வரவையும் செலவையும் கடனையும் கணக்குப் போட்டு, அம்மா அவ்வளவு உழைத்தும் குடும்பம் ஏன் மீளவில்லை என்று கேட்டு எழுதியது அந்நாட்டுக் கல்வி அமைச்சரின் பரிசைப் பெற்றது. துயரத்தை அவன் கணக்கின் வழியாகவே சொன்னான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஊரின் வறுமையை உலகறியச் செய்துவிட்டார் என்று அந்த ஆசிரியர் மீது ஊராரிடையே மனக்கசப்பும் எழுந்தது.

மூன்றாம்_வகுப்பின்_தாய் எழுதியது:

கடைசி வரியைப் படித்த பிறகுதான் எழுதத் துணிந்தேன். இங்கே எல்லாரும் ஆசிரியர்கள். நான் ஒரு மாணவனின் தாய்.

சென்ற ஆண்டு என் மகனின் பள்ளியில் 'என் வீட்டில் ஒரு நாள்' என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நானும் என் கணவரும் பணத்துக்காகச் சண்டையிட்டதையும், அன்றிரவு நான் அடுக்களையில் படுத்துக்கொண்டதையும் அவன் எழுதியிருக்கிறான். மிக நன்றாக எழுதியிருக்கிறான் என்று ஆசிரியர் அதைக் காலை வணக்கக் கூட்டத்தில் படிக்க வைத்தார். அவர் தீங்கு நினைத்துச் செய்யவில்லை என்பதை நான் அறிவேன். ஆனால் அந்தப் பள்ளியில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஒன்பது பேர் படிக்கிறார்கள். அன்று மாலைக்குள் தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பார்த்தவர்களின் பார்வை மாறியிருந்தது. எட்டு வயதுப் பிள்ளை கைதட்டலை வாங்கிக்கொண்டு மகிழ்ச்சியோடு வீட்டுக்கு வந்தான். எங்கள் முகத்தைப் பார்த்ததும், தான் ஏதோ பெரிய தவறு செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டான். அதன் பிறகு அவன் எழுதும் எதிலும் எங்கள் வீடு வருவதில்லை.

பிள்ளையின் வாழ்க்கை என்பது அந்தப் பிள்ளைக்கு மட்டும் உரியது அன்று. அதில் நாங்களும் இருக்கிறோம். எழுத வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. எழுதிய பிறகு அது யார் கைக்குப் போகிறது என்பதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.

வைப்பாறு எழுதியது:

சகோதரி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு நெடுநேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. நல்ல எழுத்தை ஊரறியப் படிப்பதுதான் பாராட்டு என்று நானும் நம்பியிருந்தேன். ஆட்டைப் பற்றி எழுதிய மாணவனின் தாளை எட்டாம் வகுப்பில் படித்துக் காட்டலாம் என்று எடுத்து வைத்திருந்தேன், அவனிடம் கேட்கவில்லை. நாளை கேட்பேன்.

வன்னி_ஆசிரியை எழுதியது:

வணக்கம். நான் இலங்கையின் வடக்கில், வன்னியில் ஒரு பாடசாலையில் கற்பிக்கிறேன். போர் முடிந்து, முகாம்களிலிருந்து மக்கள் ஊர் திரும்பத் தொடங்கிய காலத்தில், கிடுகுக் கொட்டகையில் வகுப்பு நடத்தினோம். அப்போது எனக்கு வயதும் குறைவு, அனுபவமும் குறைவு. எழுதினால் மனப்பாரம் குறையும் என்று எங்கேயோ கேட்டதை நம்பி, 'நாங்கள் கடந்து வந்த பாதை' என்று எழுதச் சொன்னேன். ஒரு பிள்ளை கொப்பியைத் திறந்து, திகதியை எழுதி, அடிக்கோடிட்டு, பாடம் முடியும் வரை பேனையைப் பிடித்தபடியே இருந்தாள். அவளை நான் மறக்கவில்லை.

அன்று நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் நடந்த மிகப் பெரிய சம்பவத்தை எழுதச் சொல்லும் உரிமை ஆசிரியருக்குக் கிடையாது. பிள்ளையே அதைத் தேடி வந்தால் அருகில் இருக்க வேண்டும்; நாங்கள் அதை இழுத்து வெளியே எடுக்கக் கூடாது. அடுத்த வாரம் 'உங்களுக்குத் தெரிந்த ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று எனக்குச் சொல்லித் தாருங்கள்' என்று கேட்டேன். அந்தப் பிள்ளை புட்டு அவிப்பது பற்றி எழுதினாள். மாவை எவ்வளவு வறுக்க வேண்டும், தண்ணீர் எந்தச் சூட்டில் இருக்க வேண்டும், குழைக்கும்போது விரல்களை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதிக்கொண்டு வந்தவள், கடைசியில் 'இதை எனக்கு அம்மம்மா பழக்கியவ' என்று ஒரு வரி சேர்த்திருந்தாள். அம்மம்மா முகாமிலிருந்து திரும்பி வரவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. 'எனக்கும் அவிக்கப் பழக வேண்டும்' என்று மட்டும் கீழே எழுதிக் கொடுத்தேன்.

கரும்பலகை எழுதியது:

வன்னியிலிருந்து எழுதிய ஆசிரியையின் பதிவுக்குப் பிறகு என் முதல் பதிவைத் திரும்பப் படித்தேன். எழுத்துத் தமிழ் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் 34 ஆண்டுகளில் ஒரு மாணவனின் கட்டுரைக்குக் கீழே 'நன்று', 'இன்னும் முயல்க', 'சந்திப்பிழை தவிர்' என்ற மூன்றைத் தவிர, ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்கு எழுதும் வாக்கியம் ஒன்றை நான் எழுதினேனா என்று நினைத்துப் பார்க்கிறேன். நினைவுக்கு வரவில்லை. அதை இப்போது சொல்ல வேண்டியது என் கடமை.

மாவட்ட_ஆலோசகர் எழுதியது:

முக்கியமான ஒன்று இதுவரை பேசப்படவில்லை என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். ஒரு பிள்ளை தனக்குப் பாலியல் துன்பம் நேர்ந்ததை எழுதினால், அது எழுத்துப் பயிற்சி என்ற நிலையைக் கடந்துவிடுகிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் கீழ், அதை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் விடுவதும் குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம். அந்தத் தாளைத் திருத்தாதீர்கள், மற்ற ஆசிரியர்களிடம் காட்டாதீர்கள், பிள்ளையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லாதீர்கள். இதனால்தான், 'நீ எழுதுவதை யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்ற வாக்குறுதியை எந்த ஆசிரியரும் தரக் கூடாது என்று சொல்கிறேன். காப்பாற்ற முடியாத வாக்கு அது. 'உனக்கு ஆபத்து இருந்தால் மட்டும், உதவக்கூடியவர்களிடம் சொல்வேன்' என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வைப்பாறு எழுதியது:

ஆறு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். இங்கே நீங்கள் சொன்னவற்றை வைத்து வகுப்பில் ஓர் ஏற்பாடு செய்தோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்று. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் எழுதுகிறோம். எழுதி முடித்ததும் பக்கத்தை மடித்து வைத்தால் நான் மட்டும் படிப்பேன். முழுவதும் மடித்துக் குண்டூசி குத்தினால் நானும் படிக்க மாட்டேன். திறந்து வைத்தால் வகுப்பில் யாரும் படிக்கலாம். திறந்த பக்கத்தில் வீட்டார் யாராவது வந்தால், அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் திறக்க வேண்டும். ஆலோசகர் சொன்ன வாக்கியத்தையும் முதல் நாளே சொன்னேன். முதல் வெள்ளிக்கிழமை ஐந்து பக்கங்கள் திறந்திருந்தன. சென்ற வாரம் பத்தொன்பது. மதிப்பெண் இல்லை. நான் படிக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே ஒரு கேள்வியோ ஒரு பதிலோ எழுதுகிறேன். 31 குறிப்பேடுகளுக்கு எழுத ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போய்விடுகிறது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. மாதத்தில் ஒரு பக்கத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுத்து, கரும்பலகை ஐயா சொன்னபடி, பேச்சை மேற்கோளுக்குள் வைத்து, மற்றதை எழுத்துத் தமிழில் திருத்தி எழுத வேண்டும்.

அம்மாவின் சேலையைப் பற்றி எழுதிய அந்த மாணவி தன் பக்கத்தை வீட்டில் படித்துக் காட்டியிருக்கிறாள். அம்மா, "இதையெல்லாமா எழுதுவார்கள்?" என்று கேட்டுவிட்டு, காலையில் ஆபீஸ் வண்டி 6.40-க்கு வரும், 7 மணிக்கு இல்லை என்று திருத்தச் சொன்னாராம்.

உப்புக்காற்று எழுதியது:

சகோதரி, உங்கள் திறந்த பக்கங்களை எங்கள் பிள்ளைகளுக்கு அஞ்சலில் அனுப்ப முடியுமா? எங்கள் பக்கங்களை நாங்கள் அனுப்புகிறோம்.

நூலகத்திண்ணை எழுதியது:

இதற்கும் ஒரு முன்னோடி உண்டு. முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டு, நெடுநேரம் பேசிப் பாடம் நடத்த இயலாமல் போன செலஸ்தென் ஃப்ரெனே என்ற பிரெஞ்சு ஆசிரியர், 1920களில் தென் பிரான்சில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் இதைச் செய்தார். பிள்ளைகள் எழுதியதை வகுப்பிலேயே ஒரு சிறிய இயந்திரத்தில் அவர்களே எழுத்துக் கோத்து அச்சிட்டார்கள். அந்தத் தாள்கள், நாட்டின் மறுகோடியில் பிரித்தானிப் பகுதியில் இருந்த மற்றொரு பள்ளிக்குப் போயின. அங்கிருந்து அவர்களுடைய தாள்கள் வந்தன. நம் ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவர் படிக்கப் போகிறார் என்றால் பிள்ளை தானாகவே விளக்கி எழுதும்.

வைப்பாறு எழுதியது:

முதல் உறை சென்ற வாரம் போனது. பதில் நேற்று வந்தது. வேதாரண்யத்துப் பிள்ளைகள் உப்பளத்தில் பாத்தி கட்டுவது, வலையில் நண்டு சிக்கினால் எடுப்பது, பள்ளிக்கு வரும் வழியில் நாய்க்குப் பயந்து மாற்றுப் பாதையில் நடப்பது என்று எழுதியிருந்தார்கள். 'பாத்தி' என்றால் எங்கள் பிள்ளைகளுக்குக் கத்தரிப் பாத்தி. உப்புக்கு எதற்குப் பாத்தி என்று அரை மணி நேரம் பேசினார்கள். சேலையைப் பற்றி எழுதிய மாணவிக்குத் தனியாக ஒரு தாள் இருந்தது. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுதியிருந்தான்: 'அக்கா, உங்க அம்மா சேலையில மருந்து வாசம் வரும்னு எழுதியிருக்கீங்க. அவுங்களுக்கு என்ன காய்ச்சல்? இப்ப சரியாயிடுச்சா?'

அவள் இன்று காலையிலேயே பதில் எழுத உட்கார்ந்துவிட்டாள். இதுவரை மூன்று பக்கங்கள் ஆகியிருக்கின்றன.